வெளித்தொட்டியில் நின்ற தண்ணீர்

எண்பதுகளின் கடைசியில் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில், ஒரு கடைக்கு மேலிருந்த வீட்டில் சின்ன அறையொன்றில் வாடகைக்கு இருந்தேன். அதற்கு முன் எந்த அறையிலும் ஒரு குளிர்காலத்தை முழுதாகக் கழித்ததில்லை. வீட்டுக்காரர் மலேசியாக்காரர், படிக்க வந்து, அலுவலக வேலையோடு தங்கிவிட்டவர். மனைவி யாழ்ப்பாணம்; அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சமையலறை ஜன்னலில் வீட்டுக்காரர் ஓர் ஆர்க்கிட் பூச்செடி வளர்த்தார். எங்கள் இருவரையும்விட அதைத்தான் நன்றாகக் கவனித்தார்.

ஞாயிறு காலையில் மட்டும் தண்ணீர். அழகான வெளித்தொட்டியிலிருந்து பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைப்பார். சொட்டுவது நிற்கும்வரை காத்திருப்பார். குருத்துக்குள் ஒரு துளி விழுந்தாலும் துணி நுனியால் ஒற்றி எடுப்பார். உள்ளே மண் இல்லை, மரப்பட்டைத் துண்டுகள்தான். வேர் வெளிறியிருந்தால் தாகம், பச்சையாயிருந்தால் போதும் என்பது பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு ஞாயிறு தொட்டியைத் தூக்கியவரின் முகம் மாறியது. வெளித்தொட்டியில் தண்ணீர் நின்றது. சில வேர்கள் பழுப்பாகி, தொட்டால் நசிந்தன.

"தம்பி, நீதானே ஊத்தினே?"

"இல்லை அண்ணை. நான் தொடவே இல்லை."

"வீட்டுல மூணு பேரு. நான் ஊத்தல. இவ செடி பக்கமே போக மாட்டா. அப்போ பேய் வந்து ஊத்திச்சா?"

அக்கா அடுப்பைப் பார்த்தபடி நின்றார்.

"இன்னொரு தடவை தண்ணி நின்னா, நீ வேற ரூம் பாத்துக்க."

வெளியே பனி. ஸ்டேஷன் வாங்குப் பலகையில் படுத்த பழக்கம் எனக்கு உண்டு; திரும்பவும் படுக்க விருப்பமில்லை. வீட்டுக்காரருடைய சொந்தக்காரர் ஒருவர் வரப்போவதாகவும் வீட்டில் பேச்சிருந்தது. என்னைக் கிளப்ப வீட்டுக்காரரே ஊற்றுகிறாரோ என்று சந்தேகித்தேன். அவரோ, அதால்தான் நான் ஊற்றுகிறேனோ என்று, என் கோப்பைக்குள் விரல் விட்டு ஈரம் பார்த்தார்.

அந்த வாரமே, பேக்கரி வேலை முடிந்து காலையில் வந்தபோது வீட்டில் யாருமில்லை. தொட்டியைத் தூக்கினேன். மறுபடியும் தண்ணீர். அடியில் மஞ்சள் பூசிய அரிசி ஒன்று கிடந்தது. சாமிப் படங்கள் இருந்த அலுமாரியில் பித்தளைச் செம்பு ஈரத்தோடு கவிழ்ந்திருந்தது.

அக்கா கடையிலிருந்து வந்ததும் அரிசியை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"அக்கா, இது சாமிக்குப் போட்டதெல்லே?"

"கும்பத்துத் தண்ணியை சிங்குக்குள்ள ஊத்தச் சொல்லுறீரோ? கால் படாத இடத்தில, மரத்தடியில ஊத்தவேணும். இந்த வீட்டில வேற மரம் எங்க நிக்குது?"

"அந்த மரம் அழுகுது அக்கா. என்ரை அறையும் போகப்போகுது."

"அவரிட்டச் சொல்லிப்போடாதேயும். பூசைச் சாமான் வாங்கினாலே முகத்தை நீட்டுற ஆள்."

தண்ணீரைக் கொட்டி வெளித்தொட்டியைத் துடைத்து வைத்தேன். மாலையில் சந்தையில் வாடிக்கிடந்த ஒரு செவ்வந்தித் தொட்டியை மலிவாக வாங்கி, பின்பக்க இரும்புப் படியில் வைத்தேன். மறுநாளிலிருந்து கும்பத்துத் தண்ணீர் அங்கே போனது.

வீட்டுக்காரர் அழுகிய வேர்களை வெட்டி, புதுப் பட்டை போட்டார். வசந்தத்தில் பச்சை நுனியோடு ஒரு வேர் எட்டிப் பார்த்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா? நீ கையை எடுத்ததும் எப்படி வருது பாரு!"

"ஓம் அண்ணை."

அக்கா என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டார். வீட்டுக்காரர் போகிற போக்கில் என் கோப்பைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.