சத்தியத்துக்கு மட்டும் கற்பூரம்

பூசை நின்றுபோன கோயில்களைப் படம் எடுப்பது என் வழக்கம். செங்கல்பட்டில் பள்ளி ஆசிரியை நான். லீவு கிடைத்தால் பெட்டிக் கேமராவோடு பஸ் ஏறிவிடுவேன். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடையில், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகனும் கூட வந்தான்.

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி மாமல்லபுரம் சாலையில் இறங்கி, வரப்பில் நடந்தால் அந்தச் சிவன் கோயில். கதவு இல்லை. மண்டபம் முழுக்க வைக்கோல். லிங்கத்தைச் சுற்றி ஆட்டுப் புழுக்கை. உள்ளே படம் எடுக்கும்படி மகனிடம் கேமராவைக் கொடுத்துவிட்டுக் குளத்துக்கு முகம் கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் அவனை வாசலில் வெயில்பட்ட தூணில் கட்டியிருந்தார்கள். உதட்டில் ரத்தம். சுற்றிலும் ஊர் ஆண்கள்.

"இன்னாமா, வேவு பாக்க வந்தீங்களா?" என்றார் பெரிய மீசைக்காரர். "போன வருசம் இப்டித்தான் ஒருத்தன் படம் புடிச்சிகினு போனான். அப்பாலிக்கா அம்மன் சிலையக் காணோம்."

டீச்சர் என்றேன். என் பிள்ளை என்றேன். "அவனும் வாத்தியாருன்னுதான் சொன்னான்" என்றது ஒரு குரல்.

மீசைக்காரர் வழி சொன்னார். "புள்ள தலைல கைய வெச்சு, கற்பூரத்த அணைச்சு, திருட வரலன்னு சத்தியம் பண்ணு. வுட்டுர்றோம்."

கோயிலில் கற்பூரம் ஏது? ஒருவர் சைக்கிளில் கடைக்குப் போனார். அவர் வரும்வரை என் பிள்ளை வெயிலில் நின்றான். பிறகு ஆட்டுப் புழுக்கையைக் காலால் ஒதுக்கி, லிங்கத்தின் முன் கற்பூரம் ஏற்றி, அதை ஒரு ஓட்டில் தூணருகே கொண்டுவந்தார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தச் சாமி கண்ட வெளிச்சம் அது. வைக்கோலைப் போட்டு வைத்திருந்தவர்களுக்கு, ஒருத்தியை மிரட்ட மட்டும் சாமி தேவைப்பட்டது.

"பண்ணாதீங்கம்மா. நாம எதுக்கு சத்தியம் பண்ணணும்?" என்றான் மகன்.

"வாய மூடுடா."

ஒரு கை அவன் தலையில். மறு உள்ளங்கையால் நெருப்பை அமுக்கினேன். திருட வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் தலைமேல் இருந்த கை நடுங்கியது. அந்த நடுக்கத்தை அவர்கள் எனக்குக் கொடுத்ததைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

உடனே கட்டை அவிழ்த்தார்கள். சந்தேகம் துளியும் மிச்சமில்லை. "தப்பா நெனச்சிக்காத தாயி" என்று ஒருவர் இளநீர் சீவினார். என் முகத்தை நம்பாதவர்கள், வெந்த கையை நம்பினார்கள்.

இளநீரை நான் தொடவில்லை. "நாளைக்கும் ஒரு கற்பூரம் ஏத்துங்க" என்றேன்.

"நாளிக்கு யாரக் கட்டி வெக்கிறது?" என்றார் சைக்கிள்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். மணிக்கட்டில் கயிற்றுத் தடத்தைத் தேய்த்துக்கொண்டே என் மகனும் சிரித்துவிட்டான். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பஸ் வரும் சாலைவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.