கேட்காமல் நிரப்பிய வரி

கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் செல்வராணி அக்கா வளர்த்த ஒன்பது பெட்டைச் செம்மறிகளும் ஒரு வருடமாகக் குட்டி போடவில்லை. கால்நடை உத்தியோகத்தரான நான் கேள்விப் பட்டியலுடன் போனேன். வயது, நோய், பூச்சிமருந்து, தாதுஉப்பு என எல்லாவற்றையும் விசாரித்து எழுதினேன். ‘தீவனம்’ என்ற வரியில் மட்டும் கேட்காமலேயே ‘நன்று’ என்று போட்டேன். மேட்டில் அவர் வளர்த்திருந்த குளோவர் தீவனச்செடி நான் கொடுத்த விதையில் முளைத்தது. சந்தேகப்பட மிச்சமிருந்தது அவரிடமிருந்த ஒரே கிடாதான்.

“கிடாவிலதான் பிழை அக்கா. வித்துப்போடுங்கோ.”

“நல்லா முட்டுறானே மிஸ்! சரி, ஒங்களுக்குத் தெரியாததா?”

மறுவாரமே அது இறைச்சிக்கடைக்குப் போயிற்று.

மூன்று மாதம் கழித்து, அந்த ஒன்பதில் ஒன்றான நொண்டி ஆடு ஒரு குட்டி ஈன்றது. கிடா போவதற்குப் பல மாதம் முன்பே கால் முறிந்து, அதிலிருந்து மேட்டுக்கு ஏற முடியாமல், வீட்டருகே ரோட்டோரப் புல் தின்ற ஆடு அது. குட்டியின் நெற்றியில் கிடாவின் அதே வெள்ளைப் பொட்டு.

சில குளோவர் வகைகளில் பெண் ஹார்மோன் போன்ற பொருள் உண்டு, தொடர்ந்து தின்றால் ஆடு சினைப்பிடிக்காமல் போகலாம் என்பதைப் பரீட்சையில் எழுதியவள் நான்.

“கிடாவில பிழையில்ல அக்கா. நான் தந்த விதையிலதான்.”

அவர் ஏசவில்லை. குட்டியின் நெற்றியைத் தடவினார்.

“அப்ப அவன அநியாயமா குடுத்துட்டோமே, மிஸ்.”

‘குடுத்துட்டோமே’ என்று என் குற்றத்தில் அவரும் பங்கெடுத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போதும் ‘தீவனம்’ என்ற வரிக்கு வரும்போது பேனாவை மூடிவிட்டு, முதலில் மேய்ச்சல் நிலத்துக்கு நடக்கிறேன்.