கொலுசும் அரை நூலும்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் எழுத உட்கார்ந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கடலூரை ஒட்டிய எங்கள் கம்பெனியில் ஏரேட்டர் செய்கிறோம். இறால் குளத்துத் தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் மிஷின் அது. அதன் சக்கரத்தைத் தண்டோடு பிடித்திருக்கும் இரும்பு வளையத்துக்கு டிராயிங் ஆபீஸில் நீளமாக ஒரு எண் உண்டு. எங்களுக்கு அது கொலுசு. போல்ட் தளர்ந்தால் சலசலக்கும், அதனால் அந்தப் பெயர்.

பிறகு டிராயிங் ஆபீஸில் தண்டையும் கொலுசையும் அரை நூல் பருமன் கூட்டினார்கள். அரை நூல் என்றால் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கண்ணுக்குப் பிடிபடாது. பெயரும் மாறவில்லை. போன வருடம் சிதம்பரம் பக்கம் ஒரு குளத்தில் பழைய தண்டுக்குப் புதிய கொலுசு போய், ஆட்டம் கொடுத்து, தண்டையே அரைத்துவிட்டது. வேறு மிஷின் போவதற்குள் இறால் அத்தனையும் செத்து மிதந்தது. ஸ்டோரிலிருந்து அந்தக் கொலுசை எடுத்துக் கொடுத்தது என் கை.

டிராயிங், உற்பத்தி, ஸ்டோர், சர்வீஸ் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் இணைக்க ஒரு இன்ஜினியர் பெண் வந்தார். அவரிடம் தயங்கித் தயங்கி இரண்டு கேட்டேன். நாங்கள் கூப்பிடும் பெயருக்கும் ஒரு இடம் வேண்டும். எந்த மிஷினுக்கு எதைக் கொடுத்தேன் என்று எழுதிவைத்த என் நோட்டுகளும் உள்ளே போக வேண்டும். சரி என்றார். இரண்டு மாதம் நானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்.

“பழைய நோட்டைக் கொண்டுபோய் சுண்டல் மடிக்கக் குடும்மா” என்பார் சூப்பர்வைசர்.

எல்லாம் இணைந்த முதல் வாரம், ஒரு காலையில் சிதம்பரம் மெக்கானிக் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன். “அக்கா, கொலுசு ஒடஞ்சிடுச்சு.”

இன்ஜினியர் நிமிர்ந்தார். “நகைக்கடைக்குப் போட வேண்டிய போனா?”

அதற்குள் அந்தப் பக்கம் குளத்துக்காரர் போனைப் பிடுங்கியிருந்தார். “ஏம்மா, துபாய்ல ஒழச்சதெல்லாம் இந்தக் கொளத்துலதான் கெடக்கு. பொழுது சாயறதுக்குள்ள ஓடலன்னா எறால் தாங்காது. பக்கத்துக் கொளத்துக்கு அனுப்புன மாதிரி அனுப்பிடாதீங்க.”

போன வருடம் இறால் செத்த குளத்தைத்தான் சொன்னார்.

இன்ஜினியர் ‘கொலுசு’ என்று தட்டினார். பழையது, புதியது, இரண்டும் திரையில் வந்தன.

“போன வருஷ மிஷினு. புதுசுதான், கட்டி அனுப்பு” என்றார் சூப்பர்வைசர்.

“மிஷின் நம்பர் கேளுங்க மேடம்” என்றார் இன்ஜினியர் என்னிடம்.

“தகடு பூரா சேறுக்கா, இருங்க” என்று மெக்கானிக் துடைத்துவிட்டுச் சொன்னார். நம்பரைப் போட்டதும் புது டிராயிங்தான் வந்தது. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். இன்ஜினியர் திரையைக் கீழே நகர்த்தினார். அங்கே நான் தட்டிய வரி இருந்தது: ‘பழைய தண்டு ஒன்று மீதம். இந்த மிஷினுக்கு அதுவும் பழைய கொலுசும் கொடுத்தேன்.’

“பழசுதான்” என்றேன். அறை முழுக்கக் கேட்டது. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

“தப்பாப் போச்சுன்னா?”

“போவாது சார். நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

சாக்கில் சுற்றி, சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஏற்றிவிட்டோம். மூன்று மணி வரை நான் போனை விட்டு நகரவில்லை. அப்புறம் போன் வந்தது. முதலில் பேச்சே இல்லை, தண்ணீர் அடிக்கும் சத்தம் மட்டும். மெக்கானிக் போனை மிஷின் பக்கம் நீட்டியிருக்கிறார்.

“அல்ஹம்துலில்லாஹ்! கேக்குதாம்மா?” என்று கத்தினார் குளத்துக்காரர். “கொஞ்சம்கூட ஆட்டமில்ல!”

கேட்டது. அந்தச் சத்தத்தை இன்னொரு தரம் கேட்கவேண்டும் என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். ஸ்டோரில் எல்லோரும் சுற்றி நின்று கேட்டார்கள். இன்ஜினியர் கைதட்டினார்.

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். “இன்னும் நோட்டு ஏதாச்சும் மிச்சம் இருக்காம்மா?”

“மூணு இருக்கு சார். சுண்டலுக்கு வேணுமா?”

மறுநாள் காலை சிதம்பரத்திலிருந்து, கைவசம் வைக்க இரண்டு வேண்டுமென்று, எண்ணுக்குப் பதில் ‘பழைய கொலுசு’ என்றே போட்டு கம்ப்யூட்டரில் சீட்டு வந்தது. எடுத்துக் கொடுத்தேன்.