கூடைப்பந்துக்காரர் நிலத்தில் இருந்த பின்னேரம்

இரண்டாயிரத்துச் சொச்சம், பனிக்காலம். நான் புலம்பெயர்ந்து வந்த டோர்வலில், விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு விளையாட்டு மண்டபத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது பெரிய வேலைதான். சம்பளத்துக்கு ஆடும் ஒரு சின்னக் கூடைப்பந்து அணி சனிக்கிழமைகளில் அங்கே ஆடும். தொலைக்காட்சியில் காட்டுகிற அணி இல்லை. ஆனாலும் அவர்கள் கதவால் குனிந்துதான் உள்ளே வருவார்கள். நிலத்தில் வியர்வை சிந்தினால் ஓடிப்போய்த் துடைக்க வேண்டியவன் நான். யாராவது வழுக்கி விழுந்துவிடுவார்களோ என்று ஆட்டம் முடியும் மட்டும் துடைப்பத்தைக் கீழே வைக்கமாட்டேன்.

எங்கள் அணியில் ஒருவன் விழுந்தே விட்டான். ஈரத்தில் இல்லை, துள்ளி இறங்கும்போது முழங்கால் பிசகிவிட்டது. அமெரிக்காக்காரன். முழங்காலுக்கு ஒப்பேசன் செய்யாமல் அவனை ஊருக்கு விமானத்தில் ஏற்றிவிட அணியின் முதலாளி முடிவெடுத்துவிட்டார் என்று, என்னோடு வேலை செய்த மன்னார் அண்ணை வந்து சொன்னார். "கால் போச்சுதெண்டால் அவன்ரை பிழைப்புப் போச்சு."

அடுத்த சனிக்கிழமை பின்னேரம், சனம் வந்து நிறைந்திருக்க, எங்கள் அணிக்காரர் ஆட்ட உடுப்போடு வந்தார்கள். நடுவட்டத்தில் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்கள். முழங்கால் பிசகினவனையும் தூக்கி வந்து நடுவில் இருத்தினார்கள். நடுவர் விசில் ஊதிப் பார்த்தார். ஒருத்தரும் அசையவில்லை. எதிரணிக்குச் சும்மா கிடைக்கிற வெற்றி. அவர்கள் தங்களுக்குள் ஏதோ கதைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் இருந்தார்கள். அவ்வளவு உயரமான மனிதர் அவ்வளவு பேர் நிலத்தில் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அண்ணை, உண்ணாவிரதம் தொடங்கிட்டினம்."

"ஓமடா, நிலத்திலை இருந்திட்டாங்கள் எண்டால் பேந்தென்ன, பட்டினிதான்."

"உந்த உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்?"

"தண்ணி குடிக்கிறாங்களோ பார். குடிச்சால் கொஞ்சம் தாங்குவாங்கள்."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் நியாயம் கேட்டு நிலத்தில் இருந்தால் சாப்பிடமாட்டார்கள். வேறு விதமாய் யோசிக்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அதனால், பின்கதவில் பீட்சாக்காரர் பெட்டிகளோடு வந்து நின்றபோது, மணத்தைக் காட்டி விரதத்தைக் குலைக்க முதலாளி செய்த வேலை என்றே நினைத்தேன். "நோ, மெர்சி" என்று, வேண்டாமெனச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அணித்தலைவன் எழும்பி வந்தான். தாங்கள் சொல்லியிருந்த பீட்சா வரவில்லையா என்று கேட்டான். திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேன்.

"நல்ல வேலை பார்த்தாய்," என்றார் அண்ணை. "பனைமரங்களைப் பட்டினி போட்டிட்டாய்."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எங்கள் நாட்டில் இப்படி இருப்பவர்கள் சாப்பிடமாட்டார்கள் என்று விளக்கினேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். போய் மற்றவர்களுக்குச் சொன்னான். அவர்களும் சிரித்தார்கள். பிறகு காயக்காரனைப் பார்த்துத் தங்களுக்குள் தலையைக் கூட்டிக் கதைத்தார்கள். பீட்சாக்காரரை அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள். ஆனால் பெட்டிகளை வாங்கி ஆடுகளக் கோட்டுக்கு வெளியே அடுக்கிவிட்டு, ஒருத்தரும் திறக்கவில்லை. நண்பனின் கால் விஷயம் முடியும் மட்டும் சாப்பாடு இல்லையென்று தலைவன் ஒலிவாங்கியில் சொன்னான். சனம் எழும்பி நின்று கைதட்டியது. எனக்கென்றால் பயம்தான். யாருக்காவது மயக்கம் வந்தால் யார் பொறுப்பு? இந்த யோசனையைக் கொடுத்தவன் யாரென்று முதலாளி விசாரித்தால்?

முதலாளி கோட்டும் சூட்டுமாக வந்தார். ஒப்பேசன் இங்கேயே நடக்கும் என்று சனத்தைப் பார்த்துச் சொன்னார். ஒருத்தரும் எழும்பவில்லை.

"எங்களுக்கில்லை, அவனுக்குச் சொல்லுங்கோ" என்றான் தலைவன்.

முதலாளி சுற்றிவரப் பார்த்தார். மெல்ல முழங்காலை மடக்கி நிலத்தில் இருந்து, காயக்காரனின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகுதான் எல்லோரும் எழும்பினார்கள். ஒரு காடு எழும்பினது போல இருந்தது. ஆறிப்போன பீட்சாவில் ஒரு துண்டை என் கையிலும் வைத்தார்கள்.

அந்த அணி அடுத்த பனிக்காலத்தைக் காணவில்லை, கலைத்துவிட்டார்கள். என் சனிக்கிழமை வேலையும் அதோடு போனது. ஆனால் அந்த வருசம் கோடை தொடங்கும்போது, மற்ற நாள் வேலையில் நான் நிற்க, ஒப்பேசன் செய்த அவன் மண்டபத்துக்கு ஒருநாள் வந்தான். ஊன்றுகோல் இல்லை. வெறும் தரையில் ஒருமுறை துள்ளிப் பார்க்கப் போகிறேன் என்றான்.

"வேண்டாம், பேந்து பார்க்கலாம்" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

அவன் துள்ளினான். வளையத்தைக் கையால் தொட்டு, இரண்டு காலிலும் இறங்கி நின்றான்.