மாயவன் மகள் வரைந்த படங்கள்

மணலூர்பேட்டை மாயவன் எனக்குச் சித்தப்பா மகன். கரும்பு வெட்டுகிறவன். தொண்ணூறுகளில் அவன் மகள் கண்ணகிக்குச் சென்னையில் பெரிய இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்தது. எங்கள் வகையறாவில் அவளுக்கு முன்னால் பத்தாவது தாண்டியவர் கிடையாது.

அந்தக் காலேஜை நான் இன்றைக்கும் திட்டத்தான் செய்வேன். பகலெல்லாம் வகுப்பு. அது முடிந்தால் ஸ்கேல் பிடித்து இன்ஜினியரிங் படம் வரைய வேண்டும், ரெக்கார்டு எழுத வேண்டும், வாரா வாரம் பரீட்சை. முதல் பரீட்சையிலேயே பாதிப் பேரைக் கவிழ்ப்பதை வாத்தியார்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்களாம். பொங்கலுக்கு வந்தவள் சோற்றுத் தட்டைக் கையில் வைத்தபடியே தூங்கிப்போனாள்.

அவளோடு ஒரே அறையில் இருந்தவள் மெகருன்னிசா, கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடைக்காரர் மகள். அந்தப் பெண் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டது. படம் கொடுக்கிற தேதியைத் தள்ளிவைக்க முடியாதென்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். கண்ணகி தன்னுடையதை முடித்துவிட்டு அவளுடையதையும் வரைந்து வைத்தாள். இரண்டும் ஒரே கை போட்ட கோடாகத் தெரிகிறதே என்று துறைத்தலைவர் பிடித்துக்கொண்டார். ஒருவருக்காக இன்னொருவர் வரைந்தால் இருவருக்கும் அந்த வருஷம் போச்சு. அதுதான் அங்கே சட்டம். பெண்கள் இருவரும் இல்லையென்று சாதித்தார்கள். அவரிடமும் சாட்சி இல்லை. பெற்றவர்களைக் கூட்டிவரச் சொன்னார்.

தனியாகப் போகப் பயந்து மாயவன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். வாசலிலேயே கண்ணகி அவனை நிறுத்தினாள்.

"யப்பா, உள்ள நீ வாயத் தொறக்காத. எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடு."

துறைத்தலைவர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. உன் பெண் தன் வேலையைச் செய்ய வக்கில்லாமல் அடுத்தவள் படத்தைத் திருடியிருக்கிறாள் என்றார். கூலிக்காரர் பிள்ளைகளைச் சேர்த்தால் இப்படித்தான் என்றும் ஒரு வார்த்தை விட்டார். மாயவனுக்குப் பொறுக்கவில்லை.

"திருடியா? ரெண்டு பேருதையும் எம் பொண்ணுதாங்க வரஞ்சிது. எங்க கரும்புக் கொல்லையில ஒருத்தி முடியாம நின்னுட்டா, பக்கத்து வரிசைக்காரி அதையும் சேத்து வெட்டிக்கினு போவா. எல்லாரும் ஒண்ணாத்தான் கரையேறுவோம். அப்பிடி வளத்த பொண்ணுங்க இது."

சொல்லிவிட்டு மகளைப் பெருமையாகப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"போதும், இதத்தான் கேட்டுட்டு இருந்தேன்," என்று துறைத்தலைவர் பேனாவை எடுத்தார்.

இருவருக்கும் வருஷம் போனது. மெகருன்னிசாவை அவள் அத்தா, அந்த ஜவுளிக்கடைக்காரர், படித்தது போதுமென்று ஊருக்கே கூட்டிப்போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டில் கண்ணகி கேட்டாள். "உன் கரும்புக் கொல்லைய இன்னாத்துக்குப்பா அங்க தூக்கினு வந்த?"

"உன்னத் திருடின்னாம்மா."

"சொல்லிட்டுப் போறான். நான் தப்பிச்சிருப்பேன். மெகரும் தப்பிச்சிருப்பா."

அதுதான் அவள் அவனிடம் பேசிய கடைசிப் பேச்சு. தனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி படித்தாள், பட்டமும் வாங்கினாள், ஓசூரில் வேலைக்குப் போனாள். தாய் கொளஞ்சியம்மாளிடம் மட்டும் போனில் பேசுவாள்.

மாயவனும் இறங்கி வரவில்லை. "பெத்த பொண்ணத் திருடின்னா கேட்டுக்கினு நிக்கணுமா?" என்று என்னிடம் இன்றும் சண்டைக்கு வருகிறான். அதை அவளிடம் போய்ச் சொல்லேன்டா என்றால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிறான்.