ஒரே கல்லீரலின் பங்காளிகள்

பிட்ஸ்பர்க்கின் மேட்டுத் தெருக்களில் லொரெட்டா வாஸ்கோவைத் தெரியாதவர்கள் குறைவு. இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் அதட்டலில் வளர்ந்த பிள்ளைகள் தாடி வைத்த பிறகும் அவளைக் கண்டால் நிமிர்ந்து நிற்பார்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கே மீன் பொரிக்கும் தேவாலயச் சமையற்கூடமும் அவள் ராஜ்ஜியம்தான்.

அறுபத்திரண்டு வயதில் அவள் கல்லீரல் கைவிட்டது. இத்தனைக்கும் குடித்ததே இல்லை. வயிற்றில் நீர் கோத்துக்கொள்ள, வாரம் ஒருமுறை ஊசி குத்தி வடித்தார்கள். ஒருநாள் புத்தி தடுமாறி, கணவன் ரீஜிஸையே பார்த்து "நீங்க யாரு?" என்றாள். அன்று அவன் சமையலறையில் நின்று அழுதான். மாற்றுக் கல்லீரல் பொருத்தும் அறுவையை அவள் இதயம் தாங்காது என்று மருத்துவமனையில் காத்திருப்போர் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை.

அப்போதுதான் டாக்டர் அனெட் ப்ரூயிட் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார்.

"வயித்தைக் கிழிக்கப் போறதில்ல. தொண்டை வழியா குழாய் விட்டு, உள்ள இருக்கற நிணநீர் முடிச்சுல கல்லீரல் செல்லை ஏத்துவோம். பிடிச்சு வளர்ந்தா, அங்கயே குட்டிக் கல்லீரலா வேலை செய்யும்."

"வீட்டு ஹீட்டர் பழுதானா, அதைக் கழட்டாம பக்கத்து ரூம்ல சின்னதா ஒண்ணு வைக்கிற மாதிரியா?" என்றான் ரீஜிஸ்.

"ஏறக்குறைய அப்படித்தான். ஆனா பலிக்கும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்."

"செல் யாரோடது?" என்றாள் லொரெட்டா.

"இறந்துபோன ஒருத்தர் கொடுத்தது. ஒரு கல்லீரல்லேருந்து ஒரே நாள்ல பல பேருக்கு ஏத்தலாம்."

"அப்ப எனக்குப் பங்காளிங்க இருக்காங்களா!"

"இருப்பாங்க. பேர் மட்டும் கேக்காதீங்க."

மார்ச் பதினொன்றாம் தேதி மதியம் செல்களை ஏற்றினார்கள். அதன்பின் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் காத்திருப்பவர்களை அவள் துருவ ஆரம்பித்தாள்.

"ஆஜர் எடுக்கறதை நிறுத்து லொரெட்டா, மானம் போகுது" என்று ரீஜிஸ் கெஞ்சினான்.

நான்காம் முறை, கூரை வேய்கிற கிளெமென்ட் டிப்ஸ் மாட்டினான். ஐம்பது வயது, மஞ்சளேறிய கண், தனிக்கட்டை.

"உங்களுக்கு என்னிக்கு ஏத்துனாங்க?"

"மார்ச் பதினொண்ணு, காலைல. ஏன் கேக்கறீங்க?"

"எனக்கு அன்னிக்கு மதியம்! பங்காளி!" என்று கட்டிக்கொண்டாள். அவன் மிரண்டு ரீஜிஸைப் பார்த்தான்.

"பழகிடும்" என்றான் ரீஜிஸ்.

ஆறு மாதத்தில் லொரெட்டாவின் ஸ்கேனில் மொச்சைக்கொட்டை அளவுக்கு இரண்டு முடிச்சுகள் குட்டிக் கல்லீரலாக வளர்ந்திருப்பது தெரிந்தது. நீர் வடிப்பது மாதம் ஒருமுறையானது, பிறகு நின்றே போனது. கிளெமென்ட்டுக்கு ஏற்றிய செல்கள் பிடித்து வளரவில்லை. அவன் மருத்துவமனைப் பக்கம் வருவதையே விட்டான்.

அவன் வீட்டுக்கு எண்பது படி. லொரெட்டா மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து ஏறினாள்.

"உங்களுக்குப் பிடிச்சுது, எனக்குப் பிடிக்கல. அவ்ளோதான் விஷயம்" என்றான்.

"ரெண்டாவது தடவை ஏத்தலாம்னு டாக்டர் சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க. மறுபடி நம்பி ஏமாறணுமா?"

லொரெட்டாவுக்கு மூச்சு வாங்கியது. கோபமும் வந்தது. "எனக்கு மட்டும் நல்லாகி நான் என்னடா பண்ணப் போறேன்? சட்டையை மாட்டு."

மாட்டினான்.

இம்முறை செல்கள் வேறொருவருடையவை. ஏற்றி முடிக்கும்வரை அவள் வெளியே பெஞ்சில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த கோடை வருவதற்குள் அவன் கண்ணில் மஞ்சள் இறங்கியது.

"இப்ப நாம பங்காளி இல்லியே?" என்று சீண்டினான்.

"பாதிப் பங்காளி. அது போதும்."

முதல் கல்லீரலைக் கொடுத்தவரின் குடும்பத்துக்கு, மருத்துவமனை வழியாக இருவரும் கடிதம் எழுதினார்கள். தனக்கு அது பிடிக்காவிட்டாலும், இந்தப் பங்காளி கிடைத்தது அதனால்தானே என்று கிளெமென்ட்டும் சேர்ந்துகொண்டான். முதல் வரிக்கே மூன்று நாள் சண்டை. கடைசியில், "உங்கள் வீட்டில் ஒருவரால் இன்று காலை பசித்துச் சாப்பிட்டோம்" என்று தொடங்கி, இருவரும் கையெழுத்திட்டு அனுப்பினார்கள்.