வைஃபை பெட்டிக்குப் போட்ட கவர்

மரக்காணத்தில் புதிதாக எதை வாங்கினாலும் முதல் வேலை அதற்குக் கவர் போடுவதுதான். டி.வி. ரிமோட், மிக்ஸி, செல்போன் எல்லாமே பாலித்தீனுக்குள்தான் இருக்கும். போடாவிட்டால் உப்புக்காற்று தின்றுவிடும். நான் வேலை செய்வது உப்பு பாக்கெட் போடும் ஷெட்டில். அச்சு சரியாக விழாத கவர்களை வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார்கள். எங்கள் தெருவில் என் வீட்டுச் சாமான்தான் துரு பிடிக்காது என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வம் செய்த வேலையைத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் உப்பு லோடு ஏற்றியவர். லாரி மேலிருந்து விழுந்ததில் கழுத்து எலும்பு போய்விட்டது. பேச்சு இருக்கிறது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது, தொட்டாலும் தெரியாது. நான் வேலைக்குப் போகாமல் முடியாது. காலையில் அவரைச் சுத்தம் செய்து, இட்லி ஊட்டி, தண்ணீர் பாட்டிலில் ஒரு குழாயைச் செருகி அவர் வாயருகே கட்டிவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினால், திரும்பி வர மூன்று மணி ஆகிவிடும். வெயில் காலத்தில் எங்கள் தெருவே உப்பளத்து வேலைக்குப் போயிருக்கும். அவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்க ஆள் கிடையாது.

சென்னையில் வேலை பார்க்கும் மகள்தான் ஒரு ஸ்பீக்கரை வாங்கி வந்தாள். வாயால் சொன்னால் என் போனுக்கு அதுவே கூப்பிடும். தமிழ் மட்டும் அதற்குப் புரியாது. அதனால் “கால் ஒய்ஃப்” என்று சொல்ல அப்பாவைப் பழக்கினாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை “ஏம்மே” என்று கூப்பிட்டவர், முதல் தடவை அதைச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார். மறுநாள் ஷெட்டில் போன் அடித்தது. பதறிப்போய் எடுத்து, “இன்னாங்க ஆச்சு?” என்றேன். “ஒண்ணுமில்லமே. சும்மாதான்” என்றார். கூட இருந்த பெண்கள், “புதுமாப்பிள்ளைக்கு இருப்புக் கொள்ளல போல” என்று கிண்டல் செய்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் மாசிவரை நீடித்தது.

பங்குனி பிறந்ததும், “மத்தியானத்துல அது நெட்டு இல்லன்னுதுமே” என்று சொல்ல ஆரம்பித்தார். சாயங்காலம் நான் சோதித்தால் நன்றாக வேலை செய்யும். மகளைக் கேட்டேன். “ஸ்பீக்கர் பிளக்கைப் புடுங்கி, முப்பது எண்ணிட்டு மாட்டும்மா” என்றாள். செய்தேன். “பட்டனை அமுக்கிப் பிடிச்சு ரீசெட் பண்ணும்மா” என்றாள். ஆரஞ்சு விளக்கு எரியும்வரை பிடித்தேன். இடத்தை மாற்றி வைத்தேன். துணியால் துடைத்தேன். ஸ்பீக்கருக்கு நெட் கொடுக்கும் வைஃபை பெட்டி பரணில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஒட்டி இருந்தது. அதற்கு ஏற்கெனவே ஒரு உப்புக் கவர் போட்டிருந்தேன். எங்கேயோ காற்று புகுந்து கெடுக்கிறது என்று நினைத்து, மேலே இன்னொன்று போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கினேன். அடுத்த வாரமும் அவர் அதையே சொன்னார். மூன்றாவது கவரையும் போட்டேன்.

சாயங்காலம் நன்றாக இருக்கும் ஒன்று மத்தியானம் மட்டும் எப்படிக் கெடும்? எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. ஒரு நாள் ஷெட்டில் நின்று நின்று கால் வீங்கி வந்த வேளையில் அவர் மறுபடி ஆரம்பித்தார். “அதுக்கு ஒண்ணும் இல்லய்யா. உனக்குத்தான் வாய் வரல. ரெண்டு வார்த்தைய ஒழுங்கா சொல்லத் தெரியல, பொட்டி மேல பழி போடற” என்று கத்திவிட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரால் திருப்ப முடிந்தது அதை மட்டும்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சமாதானம் சொல்லாமல் சோறு வடிக்கப் போனேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் போன் அடிக்கவே இல்லை. தொந்தரவில்லாத நாள் என்று நிம்மதியாக வேலை பார்த்தேன். மூன்று மணிக்குக் கதவைத் திறந்தேன். அவர் குதிகாலில் முன்பே ஒரு படுக்கைப்புண் இருந்தது. சுவரிலிருந்து கட்டில் கால் வழியாக அந்தப் புண்வரைக்கும் செவ்வெறும்பு சாரை வைத்திருந்தது. பாதம் முழுக்க எறும்பு. அவருக்கு வலி தெரியவில்லை. ஆனால் கண் தெரியுமே. பதினோரு மணியிலிருந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார். குரல் கம்மி, காற்றாக வந்தது. நான் எறும்பைத் தட்டித் துடைக்கும்போதும் அவர் ஸ்பீக்கரைப் பார்த்து “கால் ஒய்ஃப், கால் ஒய்ஃப்” என்று முனகிக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, இன்டர்நெட் லைன் கொடுக்கும் கேபிள்காரரைக் கையோடு கூட்டி வந்தேன். உச்சி வெயிலில் வந்தார். ஸ்பீக்கரை அவர் தொடவே இல்லை. ஏணி போட்டுப் பரணில் கை வைத்தவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“இன்னாங்க இது, அடுப்பு மாதிரி கொதிக்குது! மூணு கவர் போட்டுக் கட்டினா சூடு எங்கங்க போவும்? சூடாயிட்டா ஆஃப் ஆயிடும். வெயில் தாழ்ந்து ஆறினா தானா வந்துடும். இந்தப் பக்கம் எல்லாரும் இதே வேலதான் பண்றீங்க.”

கவர்களை உரித்துக் கீழே போட்டார். உள் கவர் உருகிப் பெட்டியோடு ஒட்டியிருந்தது. பெட்டியைச் சன்னல் பக்கம் ஆணி அடித்து மாட்டினார். பத்து நிமிஷ வேலை. ஸ்பீக்கரில் எந்தக் கோளாறும் இல்லை. என் வீட்டுக்காரர் வாயிலும் இல்லை.

கேபிள்காரர் போனபின் கட்டிலருகே உட்கார்ந்து, “தப்பு என் மேலதாங்க” என்றேன். “சரி” என்றார். அழுதேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு ஒரு நாளும் நெட் போகவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை. ஷெட்டில் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு பாக்கெட் போட்டேன். ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கேட்டேன். “இப்பதான் நல்லா இருக்குதே, ஏங்க ஒரு போன் போட மாட்டேங்கறீங்க?”

“எனக்குத்தான் வாய் வரலன்னியேமே” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

இப்போதெல்லாம் பன்னிரண்டு மணிக்கு நானே கூப்பிடுகிறேன். அங்கே யாரும் எடுக்க வேண்டியதில்லை, ஸ்பீக்கர் தானே எடுத்துக்கொள்ளும். முதலில் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கும்.

“எறும்பு இருக்குதாங்க?” என்று கேட்பேன்.

“இல்ல” என்பார்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை காதில் வைத்திருப்பேன். ஃபேன் சத்தம்தான் கேட்கும்.